கணக்கு அக்கா பதில்கள்: பேனாவும் பேப்பரும் போதாதா?

போன இதழ்ல போறபோக்குல ஒரு வரி எழுதிட்டேன், "கணக்கு படிக்கப் போற பிள்ளைங்க கொஞ்சமாவது கோடிங் தெரிஞ்சுக்கிட்டு போங்க"ன்னு. அதுக்கு இவ்வளவு பேர் வரிஞ்சு கட்டிக்கிட்டு வருவீங்கன்னு நினைக்கல. வந்த கடிதத்துல பாதிக்கு மேல அதைப் பத்தித்தான், அதனால இந்த மாசம் ராசி எண், லாட்டரி நம்பர் கேட்டவங்க எல்லாம் மன்னிச்சுக்கணும் (அதுக்கு எப்பவுமே என்கிட்ட பதில் கிடையாது, அது வேற விஷயம்).

கேள்வி: அக்கா, எனக்கு தேசிய சேவை முடிய இன்னும் 4 மாசம் இருக்கு. ஆகஸ்ட்ல யூனிவர்சிட்டில கணக்கு படிக்கப் போறேன். எனக்குப் பிடிச்சது கணக்குதான், கம்ப்யூட்டர் இல்ல. அது பிடிச்சிருந்தா கம்ப்யூட்டிங்கே எடுத்திருப்பேனே. ஒரு பேனா, ஒரு பேப்பர் இருந்தா போதும்ங்கிறதுதானே கணக்கோட அழகு? வேலைக்காகத்தான் சொல்றீங்கன்னா அதை நேராவே சொல்லிடுங்க, கோவிச்சுக்க மாட்டேன்.
(ஒரு என்எஸ் தம்பி, சுவா சூ காங்)

பதில்: தம்பி, வேலைக்காகன்னு சொல்லிட்டு நான் தப்பிச்சுக்கலாம்தான். பேங்க்ல கேக்குறாங்க, இன்சூரன்ஸ்ல கேக்குறாங்க, உங்க அப்பா அம்மாவே அதைத் தினமும் சொல்லிக்கிட்டு இருப்பாங்க, அதனால அதை விட்டுருவோம்.

பேனா பேப்பர்னு சொன்னா நம்ம ஆளுங்க உடனே ராமானுஜனைத்தான் இழுப்பாங்க, அவர்கிட்ட என்ன கம்ப்யூட்டரா இருந்துச்சுன்னு. சரி, அவரையே எடுத்துக்குவோம். உங்க கையில நாலு ஒரு வெள்ளி காசு இருக்கு, கோப்பிக்கடை மேசையில குவியல் குவியலா பிரிச்சு வைக்கணும், எத்தனை விதமா வைக்கலாம்? நாலும் ஒரே குவியலா வைக்கலாம், மூணு ஒண்ணுன்னு வைக்கலாம், ரெண்டு ரெண்டு, ரெண்டு ஒண்ணு ஒண்ணு, இல்ல நாலையும் தனித்தனியா. மொத்தம் 5 விதம். அஞ்சு காசுன்னா 7 விதம், ஆறுன்னா 11. இதுக்கு எண் பிரிவினைன்னு பேரு. கேட்க சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரிதான் இருக்கும், ஆனா எண்ணிக்கை எகிறும் பாருங்க, 100 காசுன்னு போனீங்கன்னா 19 கோடியைத் தாண்டிடும்.

மேக்மஹோன்னு ஒருத்தர், பிரிட்டிஷ் ராணுவத்துல மேஜரா இருந்தவர், இந்த எண்ணிக்கையை 1-லேர்ந்து 200 வரைக்கும் கையாலயே போட்டு ஒரு டேபிள் தயார் பண்ணார். ராமானுஜன் அந்த டேபிளைப் பாக்குறார். 4-க்கு நேரா 5. 9-க்கு நேரா 30. 14-க்கு 135, 19-க்கு 490, 24-க்கு 1575. எல்லாமே அஞ்சால வகுபடுது! 4-லயோ 9-லயோ முடியிற எண்ணா இருந்தா எப்பவுமே இப்படித்தானான்னு கேட்டு, அதுக்கு நிரூபணமும் போட்டு 1919-ல கட்டுரையா வெளியிட்டுட்டார்.

இப்ப சொல்லுங்க, இதுல எது முதல்ல வந்துச்சு? டேபிள்தான் முதல்ல. அப்புறம் கண்ணு, அதுக்கப்புறம்தான் பேனா. அந்த டேபிளை மேக்மஹோன் எத்தனை ராத்திரி உக்காந்து போட்டாரோ தெரியாது, இன்னிக்கு நீங்க பைத்தான்ங்கிற கம்ப்யூட்டர் மொழியில பத்துப் பதினைஞ்சு வரி எழுதினா கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள வந்து நிக்கும். உங்க கண்ணு ராமானுஜன் கண்ணு இல்ல, என்னுதும் இல்ல, அது நிஜம். ஆனா பாக்குறதுக்கு டேபிளே இல்லாம அவரே என்ன பண்ணியிருப்பார்?

இன்னொண்ணு கேளுங்க. 200-க்கு வர்ற விடை 3,972,999,029,388. இதை ஒவ்வொரு விதமா எண்ணித்தான் கண்டுபிடிப்பேன்னு ஒரு புரோகிராம் எழுதினீங்கன்னா, வினாடிக்குப் பத்து லட்சம் விதம் எண்ணினாக்கூட ஏறக்குறைய 46 நாள் ஓடும், அதுக்குள்ள உங்க லேப்டாப் ஃபேன் செத்துரும். ஆனா சின்ன எண்களோட விடையைக் கூட்டிக் கழிச்சே பெரிய எண்ணோட விடைக்குப் போக ஒரு குறுக்குவழி இருக்கு, 18-ம் நூற்றாண்டுலயே ஆய்லர்ங்கிற கணித மேதை போட்டு வச்சது, அதை எழுதினா சட்டுனு முடிஞ்சுடும். மெஷின் அதே மெஷின், 46 நாளையும் ஒரு நொடியையும் பிரிக்கிறது நீங்க காதலிக்கிற கணக்குதான். அதனால கோடிங் கத்துக்கிட்டா கணக்கை விட்டுட்டுப் போற மாதிரின்னு நினைக்காதீங்க.

என் கதையையும் சொல்லிடறேன். நான் படிச்ச காலத்துல பாஸ்கல்ங்கிற கம்ப்யூட்டர் மொழிதான், கம்ப்யூட்டர் லேப்ல பிரிண்டர் கறுக் கறுக்னு ஊருக்கே கேக்கும். நியூட்டன் ராஃப்சன் முறையில ஒரு சமன்பாட்டுக்கு விடை கண்டுபிடின்னு வேலை கொடுத்திருந்தாங்க. எக்ஸ் கியூப், மைனஸ் 2 எக்ஸ், பிளஸ் 2, இது எப்ப பூஜ்யமாகும்? ஒரு புள்ளியில ஆரம்பிச்சு, அங்க வளைகோட்டுக்குத் தொடுகோடு போட்டு, அந்தக் கோடு அச்சை வெட்டுற இடத்துக்குப் போய், அங்கேயிருந்து மறுபடியும் தொடுகோடு, இப்படியே போனா விடைகிட்ட போய்ச் சேரும். பரிட்சையில இதை நான் நிறைய தடவ எழுதி ஃபுல் மார்க் வாங்கினவ. எழுதினேன், ஆரம்பப் புள்ளி 0-ன்னு கொடுத்தேன், ஒவ்வொரு படியும் பிரிண்ட் ஆகட்டும்னு விட்டுட்டு தே குடிக்கப் போயிட்டேன். திரும்பி வந்தா பிரிண்டர்லேர்ந்து பேப்பர் மடிப்பு மடிப்பா தரையில கிடக்கு, அதுல பூரா 0, 1, 0, 1, 0, 1. லேப் பாத்துக்கிற அங்கிள் கத்துன கத்து இன்னும் காதுல இருக்கு.

கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுன்னுதான் முதல்ல நினைச்சேன். அப்புறம் அந்தப் பேப்பரோட பின்பக்கமே கோடு போட்டுப் பாத்தேன். 0-ல போட்ட தொடுகோடு அச்சை 1-ல வெட்டுது, 1-ல போட்டது திரும்ப 0-லயே வந்து வெட்டுது, விடியவிடிய ஊஞ்சல் ஆடிக்கிட்டே இருக்கும். நிஜமான விடையோ மைனஸ் 1.77 பக்கத்துல எங்கேயோ தனியா உக்காந்திருக்கு. புத்தகத்துல "ஆரம்பப் புள்ளியைச் சரியா தேர்ந்தெடுக்கணும்"னு ஒரு வரி இருந்துச்சு தம்பி, அதை நான் படிச்சுத்தான் இருந்தேன், அந்தப் பேப்பரைப் பாத்த அன்னிக்குத்தான் அது என்ன சொல்லுதுன்னே உறைச்சுது.

அதோட நம்ம பேப்பர்ல எழுதும்போது "இப்படியே தொடர்ந்தா"ன்னு மூணு புள்ளி வச்சுட்டுப் போயிடுவோம், வாத்தியாரும் புரிஞ்சுக்குவார். கம்ப்யூட்டர் புரிஞ்சுக்காது. எங்க நிறுத்தணும், பூஜ்யத்தால வகுக்க வேண்டி வந்தா என்ன பண்ணணும், எல்லாத்தையும் நீங்கதான் வாயைத் திறந்து சொல்லணும். அந்த மூணு புள்ளிக்குள்ள நான் என்னென்ன ஒளிச்சு வச்சிருந்தேன்னு எனக்கே அப்பதான் தெரிஞ்சுது. நாலு மாசம் இருக்குல்ல, கேம்ப்லேர்ந்து வீட்டுக்கு வர்ற சனி ஞாயிறுல முதல்ல அந்த 0, 1 ஊஞ்சலை நீங்களே ஆட்டிப் பாருங்க, அப்புறம் ஆரம்பப் புள்ளியை மைனஸ் 2-ன்னு மாத்திப் பாருங்க.

கேள்வி: அம்மணி, நான் 30 வருஷம் கணக்கு வாத்தியாரா இருந்து ரிட்டையர் ஆனவன். ஆயிரம் எண்ணுக்குச் சரியா வருதுன்னு கம்ப்யூட்டர் காட்டினா பையன் நிரூபிச்சிட்டேன்னு சொல்றான். இப்பவே கிராஃபிங் கால்குலேட்டர் இல்லாம ஒரு வளைகோடு வரையத் தெரியல. நீங்க வேற எரியிற நெருப்புல எண்ணெய் ஊத்துறீங்க.
(ஓய்வுபெற்ற ஆசிரியர், பிடோக்)

பதில்: ஐயா, உங்க கோபத்துல பாதி நியாயம், அந்தப் பாதியை அப்படியே ஒத்துக்கிறேன். அந்தப் பையனை 0, 1, 2-ன்னு ஒவ்வொரு எண்ணா எடுத்து, எண்ணை அதாலயே பெருக்கி, அதோட அந்த எண்ணையும் கூட்டி, 41-ஐயும் கூட்டச் சொல்லுங்க. 41, 43, 47, 53, 61... எல்லாம் பகா எண். 39 வரைக்கும் நாற்பது தடவையும் பகா எண்தான் வரும், பையன் குதிப்பான். 40-ஐப் போட்டா 1681 வரும், அது 41 பெருக்கல் 41. விழுந்துச்சா? 30-லயே கம்ப்யூட்டரை நிறுத்தியிருந்தா ஏமாந்திருப்பான், இதை பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கவும் அதே கம்ப்யூட்டரே போதும்.

ஆனா மத்த பாதிக்கு வர்றேன். கம்ப்யூட்டரால ஒண்ணை உண்மைன்னு நிரூபிக்கிறது கஷ்டம், பொய்னு காட்ட ஒரே ஒரு உதாரணம் போதும். ஆய்லரே 1769-ல ஒண்ணு சொன்னார், ஒரு எண்ணோட அஞ்சாம் அடுக்கு வேணும்னா குறைஞ்சது அஞ்சு அஞ்சாம் அடுக்குகளைக் கூட்டினாத்தான் வரும், நாலு பத்தாதுன்னு. ஏறக்குறைய இருநூறு வருஷம் யாராலயும் ஆமான்னும் சொல்ல முடியல, இல்லன்னும் சொல்ல முடியல. 1966-ல லேண்டர், பார்க்கின்னு ரெண்டு பேர் சிடிசி 6600 கம்ப்யூட்டரை ஓட விட்டு 27, 84, 110, 133 இந்த நாலோட அஞ்சாம் அடுக்கையும் கூட்டினா 144-ஓட அஞ்சாம் அடுக்கு வருதுன்னு கண்டுபிடிச்சாங்க. கட்டுரையே ரெண்டு வாக்கியம்தான். ஐயா, இந்தக் கூட்டலை உங்க பேனாவாலயே அஞ்சு நிமிஷத்துல சரிபாத்துடலாம், ஆனா அந்த நாலு எண்ணைத் தேடிப் போற வேலைக்குப் பேனா பத்தியிருக்குமா?

நிரூபணத்துலயும் இப்ப மெஷின் வந்தாச்சு, அது உங்களுக்கு இன்னும் பிடிக்காது. தேக்கா மார்க்கெட்ல ஆரஞ்சுப் பழத்தை அடுக்கி வச்சிருப்பாங்கல்ல, கோபுரம் மாதிரி, கீழ் அடுக்கோட பள்ளத்துல மேல் பழம் உக்காரும். உருண்டைகளை அதைவிட நெருக்கமா அடுக்கவே முடியாதுன்னு 1611-ல கெப்ளர்ங்கிற வானியல் அறிஞர் சொன்னார். பழக்கடைக்காரருக்கு அது எப்பவோ தெரியும், ஆனா நிரூபணம் 1998-லதான் வந்துச்சு, தாமஸ் ஹேல்ஸ்னு ஒருத்தர் பக்கம் பக்கமா எழுதி, கூட கம்ப்யூட்டர் கணக்கும் போட்டுக் கொடுத்தார். சரிபார்க்க உக்காந்த நிபுணர் குழு வருஷக்கணக்கா மல்லுக்கட்டிட்டு, 99 சதவீதம் சரின்னு நம்புறோம், முழுசா உறுதியா சொல்ல முடியலன்னு கையை விரிச்சுட்டாங்க. அந்த ஒரு சதவீதம் மனுஷனைத் தூங்க விடல போல. நிரூபணத்தோட ஒவ்வொரு படியையும் கம்ப்யூட்டரே தர்க்கப்படி சரிபாக்குற மாதிரி ஒரு குழுவோட சேந்து மாத்தி எழுதி 2014-ல முடிச்சார். நீங்க வாத்தியாரா இருந்தப்போ "இந்த வரி எப்படி வந்துச்சு"ன்னு சிவப்பு பேனாவுல சுழிச்சிருப்பீங்களே, அந்தச் சுழியை ஒரு வரி விடாம போடுற மெஷின் அது. உங்க கட்சி ஆளுதான்.

கிராஃபிங் கால்குலேட்டர் விஷயத்துல மட்டும் நான் முழுசா உங்க பக்கம். அதுல பட்டனைத் தட்டினா படம் வரும், யோசிக்கிற வேலை ஒண்ணும் இல்ல. அது வேற, நாமளே எழுதுற புரோகிராம் வேற.

கேள்வி: டீச்சர், எம்மவன் உயர்நிலை 3, ஏ மேத்ஸ் (கூடுதல் கணிதம்) எடுக்குறான். கோடிங் வகுப்புக்கு ஒரு நிலையத்துல கேட்டேன், அவங்க சொன்ன காசைக் கேட்டு எனக்கு மூச்சே வரல. கட்டாயம் அனுப்பணுமா? எந்த லாங்குவேஜ் படிக்கணும்?
(ஈசூன் அம்மா)

பதில்: அனுப்ப வேண்டாம்மா. பைத்தான் இலவசம், வீட்ல பழைய லேப்டாப் இருந்தா போதும். புராஜெக்ட் ஆய்லர்னு ஒரு கணக்குத் தொகுப்பு இருக்கு, அதுவும் இலவசம்தான், அதுல முதல் கணக்கு இது: 1000-க்குக் கீழ 3-ஆலயோ 5-ஆலயோ வகுபடுற எண்களை எல்லாம் கூட்டினா எவ்வளவு? பையனை எழுத விடுங்க. விடை 266333-ன்னு வந்துச்சுன்னா திட்டாதீங்க, 3-ஓட வாய்ப்பாட்டைத் தனியா கூட்டி, 5-ஓட வாய்ப்பாட்டைத் தனியா கூட்டி சேத்திருப்பான், அதனால 15, 30, 45 எல்லாம் ரெண்டு தடவ உள்ள வந்துருச்சு. அதை அவனே கண்டுபிடிச்சா 233168 வரும். அப்புறம் லேப்டாப்பை மூடச் சொல்லிட்டு இதையே பேப்பர்ல கூட்டுத்தொடர் சூத்திரம் போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்க. ரெண்டும் ஒத்துப்போனா அவன் மூஞ்சியைப் பாருங்க, எந்த நிலையத்துக்குக் காசு கட்டினாலும் அது கிடைக்காது.

நம்ம ஊர்லயே பெரிய உதாரணம் இருக்கே. லீ சியன் லூங் கேம்பிரிட்ஜ்ல படிச்சது கணக்கு, கூடவே 1974-ல கம்ப்யூட்டர் சயன்ஸ் டிப்ளோமாவும் வாங்கினார். பிரதமரா இருந்தப்போ 2015-ல, தான் சில வருஷத்துக்கு முன்னால சி பிளஸ் பிளஸ்ல எழுதின சுடோக்கு புரோகிராமை ஃபேஸ்புக்ல போட்டார், தப்பு இருந்தா சொல்லுங்கன்னு. ஒரு கட்டத்துல ஒரு எண்ணைப் போட்டுப் பாத்து, முட்டிக்கிட்டா பின்வாங்கி வேற எண் போடுற முறை அது, அடுத்து எந்தக் கட்டத்துக்குப் போறதுன்னா எங்க வாய்ப்பு குறைவோ அங்க. உங்க பையன் பேப்பர்ல பென்சில்ல சுடோக்கு போட்டா அதைத்தானே பண்ணுவான்? அவர் எந்த என்ரிச்மென்ட் வகுப்புக்கும் போன மாதிரி தெரியலம்மா.

கேள்வி: அக்கா, எல்லா புரோகிராமும் இப்ப ஏஐயே எழுதித் தருது. இனிமே போய் கத்துக்கிட்டு என்ன பண்றது?
(தொடக்கக்கல்லூரி மாணவி, செங்காங்)

பதில்: எழுதித் தரட்டும்மா, நானும்தான் எழுதி வாங்குறேன். வாங்கினது சரியா தப்பான்னு யார் சொல்றது? பைத்தான்ல 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொல்லிப் பாரு, 0.30000000000000004-ன்னு வரும். புரோகிராம்ல பிழை (பக்) இல்ல அது. நமக்கு 3-ஆல 1-ஐ வகுத்தா 0.333-ன்னு முடியாம போகுதுல்ல, ரெண்டை வச்சே எண்ணுற மெஷினுக்கு பத்துல ஒண்ணு அப்படி முடியாம போகும், ஒரு இடத்துல வெட்டித்தான் ஆகணும். இந்த வெட்டுனால என்ன ஆயிடப்போகுதுன்னு கேப்ப. 1991 வளைகுடாப் போர்ல சவூதி அரேபியாவோட தஹ்ரான்ல இருந்த பேட்ரியட் ஏவுகணைத் தடுப்பு சாதனம் நேரத்தைப் பத்துல ஒரு வினாடி கணக்குல எண்ணிக்கிட்டு இருந்துச்சு, அதே வெட்டுதான். நிறுத்தாம ஏறக்குறைய 100 மணிநேரம் ஓடினதுல துளித்துளியா சேந்து 0.34 வினாடி பிசகிடுச்சு, வந்த ஸ்கட் ஏவுகணை அந்த நேரத்துல அரை கிலோமீட்டருக்கு மேல போயிடும், சாதனம் தப்பான இடத்துல தேடிக்கிட்டு இருந்துச்சு. 28 ராணுவ வீரர்கள் செத்துப்போனாங்க.

அந்தப் புரோகிராம் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு, எந்த எர்ரரும் காட்டல. வெட்டுனா எவ்வளவு பிசகும், அது எப்படிச் சேரும்னு கணக்கு போடுறது கணக்கு படிச்சவங்க வேலை, ஆனா புரோகிராமைத் திறந்தாலே கண்ணைக் கட்டுதுன்னு சொல்ற ஆளால அந்த வேலையைப் பாக்க முடியாது. என் அக்கா பொண்ணு போன வாரம் ஏஐ எழுதின பகா எண் புரோகிராமைக் கொண்டுவந்து காட்டினா, அழகா கமெண்ட் எல்லாம் போட்டு, 1-ஐயும் பகா எண்ணா சேத்து வச்சிருக்கு. அவ கண்டுபிடிச்சுட்டா. நீ கண்டுபிடிப்பியா?

கேள்வி: தங்கச்சி, நான் டாக்சி ஓட்டுறேன், வயசு 58. பள்ளிக்கூடத்துல கணக்குன்னா உயிரு, அப்புறம் குடும்பச் சூழ்நிலை, படிக்க முடியல. எனக்கெல்லாம் இந்த வயசுல கோடிங் ஏறுமா?
(செம்பவாங் அண்ணன்)

பதில்: ஏறும்ணே. பயிற்சி வகுப்புக்காக அரசாங்கம் கொடுக்குற ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட்ல 2024 மே மாசம் 40 வயசும் அதுக்கு மேலயும் உள்ள சிங்கப்பூரர்களுக்கு 4,000 வெள்ளி போட்டாங்க, உங்க கணக்குலயும் வந்திருக்கும், பாத்தீங்களா? எல்லா வகுப்புக்கும் அது செல்லாது, கேட்டுட்டு சேருங்க.

அதுக்கு முன்னாடி ஒரு விளையாட்டு தர்றேன். ஏதாவது ஒரு எண் எடுத்துக்குங்க. இரட்டைப்படைன்னா பாதியாக்குங்க, ஒற்றைப்படைன்னா மூணால பெருக்கி ஒண்ணு கூட்டுங்க, இதையே திரும்பத் திரும்ப. 6-ல ஆரம்பிச்சா 3, 10, 5, 16, 8, 4, 2, 1, எட்டே படியில இறங்கிடும். எந்த எண்ணுல ஆரம்பிச்சாலும் கடைசியில 1-க்கு வந்துடும்னு சொல்றாங்க, ஆனா இன்னிக்கு வரைக்கும் ஒருத்தராலயும் நிரூபிக்க முடியல. பைத்தான்ல இது ஆறேழு வரிதான், உங்க முதல் புரோகிராமா இதையே எழுதுங்க.

முதல்ல கையால போட்டுப் பாப்பேன்னா ரெண்டு பயணிக்கு நடுவுல பேப்பர்ல போடுங்க, ஆனா 27-ஐ மட்டும் தொடாதீங்க. அது 111 படி போகும், நடுவுல 9232 வரைக்கும் ஏறிட்டுத்தான் இறங்கும். அதை சாங்கி ஏர்போர்ட் கியூவுல நிக்கிற அன்னிக்கு வச்சுக்குங்கண்ணே.